சின்னக் கைகள் செய்யும் சிறுதேர்

திருநாவலூர்த் தெருவில் ஒரு குழந்தை சிறுதேர் உருட்டி விளையாடிக் கொண்டிருந்தது. அவ்வழியே வந்த நரசிங்கமுனையரையர் என்னும் மன்னர், அக்குழந்தையின் எழிலில் மனம் பறிகொடுத்தார். தந்தையார் சடையனாரிடம் நட்புரிமையோடு வேண்டிப் பெற்று, தம் பிள்ளையாகவே வளர்த்தார். அக்குழந்தையே பின்னாளில் சுந்தரமூர்த்தி நாயனாராய்த் திகழ்ந்தது என்கிறது பெரியபுராணம்.

பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைக்குரிய 10 பருவங்களுள் நிறைவாக வருவதும் சிறுதேர்ப் பருவமே. கோயில் தேரைக் கண்ட குழந்தை, வீட்டிலும் ஒரு தேர் வேண்டும் என்று கேட்பது நம் மண்ணில் புதிய வழக்கமன்று.

கோடை விடுமுறையும் திருவிழாக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணத்திற்கு மறுநாள் தேரோட்டம். திருவரங்கத்திலும் சித்திரைத் தேர். வடம் பிடித்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் குழந்தை, மறுநாள் காலை என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பேசியைத் தேடுகிறது. அந்நேரத்தில் அதன் கையில் கொடுக்கத்தக்க பொருள்கள், நாம் குப்பைக்கூடையில் போட எடுத்து வைத்தவற்றுள்ளேயே இருக்கின்றன.

தேர் செய்யும் முறை

இனிப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று, தண்ணீர்ப் புட்டிகளின் மூடிகள் நான்கு, இளநீர் குடித்த உறிஞ்சுகுழல், மெல்லிய குச்சிகள் இரண்டு. தேரின் அடிப்பாகத்திற்கு இவை போதும்.

குழலைக் கழுவி உலர்த்தி, இரு துண்டுகளாக நறுக்கிப் பெட்டியின் அடியில் முன்னும் பின்னும் குறுக்காக ஒட்ட வேண்டும். துண்டுகள் பெட்டியின் அகலத்தைவிடச் சற்றே நீண்டிருந்தால் சக்கரம் பெட்டியில் உரசாது. ஒவ்வொரு குழலினுள்ளும் ஒரு குச்சியைச் செருகி, இரு முனைகளிலும் மூடிகளைப் பொருத்தினால் அச்சும் சக்கரமும் ஆயின. குச்சி குழலுக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். மூடியோ குச்சியோடு இறுகியிருக்க வேண்டும். மூடியின் நடுவில் துளையிடுவதும் குச்சியின் கூர்முனையை நறுக்கி மழுங்கச் செய்வதும் பெரியவர்களின் வேலை. மற்றவற்றை ஐந்து வயதுக் குழந்தை தானே செய்யும்.

பழைய நாட்காட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டினால் விமானம். தையற்கடையில் எஞ்சிய பட்டுத் துண்டுகளைக் காகிதச் சுருளின்மேல் சுற்றித் தொங்கவிட்டால் தொம்பை. பழைய நூலை மூன்று புரியாகப் பின்னினால் வடம். காகிதத்தை ஒட்டுவதற்குக் குழைந்த சோற்றுப் பருக்கையே சிறந்த பசை. மஞ்சள் கரைத்த நீர் மஞ்சள் வண்ணம் தரும். அதில் பெரியவர் ஒருவர் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால், ஆரத்தி நீரைப் போல் கண்முன்னே சிவந்துவிடும். அந்த மாற்றத்தைக் கண்டு வியக்காத குழந்தை இல்லை.

தீப்பெட்டி ஒன்றைச் சக்கரத்தின்முன் வைத்து, அதுதான் முட்டுக்கட்டை என்று சொல்லிக் கொடுக்கலாம். திருவாரூர் ஆழித்தேர் சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டது. அத்தகைய பெருந்தேரையும் வீதி முனையில் திருப்ப முட்டுக்கட்டை வேண்டும். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தருகே கட்டையோடு குனிந்து நிற்பவரின் கவனமே தேரைக் காக்கிறது. அடுத்த தேரோட்டத்தில் குழந்தையின் கண் முதலில் அவரைத்தான் தேடும்.

எறிய மனம் வராதவை

தெய்வப் படம் அச்சிட்ட திருமண அழைப்பிதழ்களையும் பழைய நாட்காட்டிகளையும் எறிய மனமின்றிப் பரண்மேல் அடுக்கி வைப்பது பல இல்லங்களின் வழக்கம். அப்படங்களைக் குழந்தை வெட்டியெடுத்துத் தேரின் நடுவே உற்சவமூர்த்தியாக எழுந்தருளச் செய்யலாம். காலில் மிதிபடாத உயரத்தில், சக்கரத்திற்கு மேலாக அமைக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். எஞ்சிய மரியாதையைக் குழந்தை தானே கற்றுக்கொள்ளும்.

புளி உடைத்து எடுத்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, அட்டையின்மேல் புள்ளிக்கோலமாக அடுக்கலாம். கொட்டையை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயதுள்ள தம்பி தங்கையர் இருப்பின், பெரியவர் உடனிருத்தல் அவசியம். துருவி முடித்த கொட்டாங்கச்சியில் மூன்று துளையிட்டு உறி போல் கட்டி, நிழலில் தொங்கவிட்டு நீர் ஊற்றினால் அது சிட்டுக்குருவிக்குத் தண்ணீர்ப் பந்தல். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் ஊற்றுவது குழந்தையின் கடமையாகட்டும். நுங்கு தின்ற பின் எஞ்சும் பனங்காய்க் கூடு இரண்டைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கோலால் தள்ளினால் நுங்கு வண்டி. தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரனும் ஓட்டலாம்.

யாருடைய தேர்?

இவற்றுள் கடினமானது எதுவுமில்லை. கடினமானது வேறொன்று; அது பெரியவர்களுக்கு உரியது.

குழந்தை சக்கரத்தைக் கோணலாகப் பொருத்துகிறது. தொம்பை ஒருபுறம் நீண்டும் மறுபுறம் குறுகியும் தொங்குகிறது. அருகிலிருக்கும் தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "இங்கே கொடு கண்ணா, தாத்தா சரியாகச் செய்து தருகிறேன்" என்று அன்போடு வாங்கிக்கொள்கிறார். அரைமணி நேரத்தில் கண்காட்சியில் வைக்கத்தக்க தேர் ஒன்று உருவாகிவிடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் குழந்தையைக் காணோம். எப்போதோ எழுந்து தொலைக்காட்சியின் முன் போய் அமர்ந்துவிட்டது. ஏனெனில் அது இப்போது தாத்தாவின் தேர்.

தன் கையால் ஆவது எதுவும் போதாது என்பதைக் குழந்தை அன்று ஒருமுறை கற்கிறது. பள்ளிக்கான கைவேலையைப் பெற்றோரே செய்து கொடுக்கும்போது இன்னொரு முறை கற்கிறது. பின்னாளில் கோலமிடவும் பூத்தொடுக்கவும் விளக்கேற்றவும் தயங்கி, கைகட்டிப் பார்த்து நிற்பவராக அது வளர்ந்தால் வியப்பதற்கில்லை.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டப் பொருளில்லை. கல்லும் மரமும் இன்றி மனத்திலேயே முறைப்படி ஆலயம் எழுப்பிக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்றளிக்கும் குடமுழுக்கு. இறைவனோ மன்னன் கனவில் தோன்றி, நாளை அன்பன் பூசலாரின் ஆலயத்தில் யாம் புகுவோம். உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்றருளினார். மனத்தால் கட்டிய கோயிலை ஏற்ற இறைவன், கோணல் சக்கரத் தேரை ஏற்கமாட்டானா?

ஆகவே தேர் ஓடவில்லையெனில், வாங்கித் திருத்த வேண்டாம். "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால் போதும். குழந்தை குனிந்து பார்க்கும். சக்கரம் உரசுவதைக் கண்டுபிடிக்கும். தானே கழற்றி மாட்டும். சில நேரம் ஒருநாள் முழுதும் ஆகலாம். விடுமுறை என்பது அதற்காகத்தானே?

மாலையில் விளக்கேற்றிய பின், அச்சிறுதேருக்கு ஒரு பூ வைத்து, வடத்தைக் குழந்தையின் கையில் கொடுங்கள். கூடத்தில் ஒருமுறை தேர் வலம் வரட்டும். ஒருபுறம் சாய்ந்து, தட்டுத் தடுமாறி அது நிலைக்கு வந்து சேரும்போது, முட்டுக்கட்டை போடும் பணியைத் தாத்தா ஏற்றுக்கொள்ளலாம்.