வண்டியை எழுதுவது யார்?

1

சிறுபத்திரிகையில் காரைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் டி.எஸ். காரை எடுத்துக்கொண்டு, இடைக்காலத்துப் பெருந்தேவாலயங்களுக்கு நிகரானவை நம் காலத்துக் கார்கள் என்கிறார். கட்டியவன் பெயர் தெரியாது. ஆனால் ஒரு சமூகம் மொத்தமும் அதைப் பார்த்து மயங்கும். பார்த் வாசித்தது கண்காட்சியில் நின்ற புத்தம்புதுக் காரை. நான் பேச வருவது பட்டறைக்குப் போய்வந்த காரை. வாங்கியவன் கைபட்டு, டிங்கரிங் முடிந்து, 'ஆல்டர்' ஆகி நிற்கிற கார். பிரதி என்பது வாசகன் கைக்குப் போன பிறகு என்னவாகிறது என்ற கேள்வியை நாம் கவிதை, நாவலை வைத்தே கேட்டுப் பழகிவிட்டோம். வண்டியை வைத்தும் கேட்கலாம். சொல்லப்போனா, அங்கேதான் அபராதமும் ஜெயிலும் இருக்கு.

2

வாரக் கடைசி விடியற்காலைகளில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிளம்புகிற கார் வரிசைகள், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சிதம்பரம், சீர்காழி வழியாக எங்கள் தரங்கம்பாடிக்கு வருகின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். 1792இல் கட்டப்பட்ட நகர வாசலுக்குள் நுழைந்து, 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டைப் பக்கம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் 'குரூப் டிரைவ்'க்கு ஓர் இலக்கணம் உண்டு. வழி தெரிந்த வண்டி முதலில் போகும். ஸ்பேனர், பஞ்சர் சாமான், இழுவைக் கயிறு வைத்திருக்கிற அனுபவசாலி கடைசியில் வருவான். புதியவர்கள் நடுவில். ஒழுங்காக நடக்கிற கூட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது முன்னால் போகிறவன் இல்லை, இருப்பதிலேயே மெதுவான வண்டி. வண்டி ஓட்டிவருகிற பெண் மிக அபூர்வம்; பெண்கள் வந்தால் பக்கத்து சீட்டில்.

வந்து நின்றதும் பானெட் திறக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிக்கு இவர்கள் மொழியில் 'ஸ்டாக்' என்று பேர். கொஞ்சம் இளக்காரம் கலந்த சொல். ஒருவன் சைலன்சரை மாற்றியிருக்கிறான்: புகை தடங்கலின்றி வெளியேறும், சத்தம் கூடும், சக்தி கொஞ்சம்தான் கூடும். ஒருவன் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் திருத்தி எழுதியிருக்கிறான். ஒருவன் ஸ்பிரிங்கில் கட்டை கொடுத்து வண்டியை உயர்த்தியிருக்கிறான். பள்ளம் மேடு தாண்டும், ஆனால் எடையின் மையம் மேலே போவதால் வளைவில் சாயும்.

இது ஏன் கூட்டமாக நடக்கிறது? மாற்றப்பட்ட வண்டிக்கு வாசகர்கள் தேவைப்படுகிறார்கள். தெருவில் போகிறவனுக்கு அது வெறும் சத்தம். இந்த ஸ்பிரிங்குக்கும் அந்த ஸ்பிரிங்குக்கும் வித்தியாசம் தெரிந்தவன் கூட்டத்தில்தான் இருக்கிறான். ஆக குரூப் டிரைவ் என்பது ஊர் சுற்றல் மட்டுமல்ல, ஒரு வாசகச் சமூகம் தன்னைத் தானே வாசித்துக்கொள்ளும் சடங்கு.

3

இந்த வாசகனைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முதலில் சொன்னது இவ்வளவுதான்: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் பொய்யாகிப்போகும்படி வண்டியை மாற்றுவதானால், பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் வாங்கு. அதாவது உறவு உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையில். 2000இல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்றானது. ஒரு வாக்கியத்துக்குள் மூன்றாவதாக ஒருத்தர் வந்து உட்கார்ந்துகொண்டார், கம்பெனிக்காரர். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சாண்ட்ரோவை இறக்கியதும், ஃபோர்டு மறைமலை நகரில் காலூன்றியதும், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் இறுகியதும் அதே ஆண்டுகளில்தான். இதனால் அது என்று முடிச்சுப்போட நான் வரவில்லை. எல்லாம் ஒரே காலத்தின் சொல்லாடல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தத்தை அழுத்தமாக உறுதிசெய்தது: தயாரிப்பாளரின் விவரக்குறிப்பே அடிப்படை, மாநில விதிகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆசிரியனின் மரணத்தை பார்த் 1967இல் அறிவித்தார். நம் நெடுஞ்சாலையில் ஆசிரியன் உயிரோடுதான் இருக்கிறான். அடிக்கு ஒரு தண்டமும் வசூலாகிறது.

4

சரி, அந்த 'மூலம்' எங்கே இருக்கு? நம் அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. மஹிந்திரா ஜீப் அமெரிக்காவின் வில்லிஸ். 1983இல் வந்த மாருதி 800 ஜப்பானின் சுசுகி. நாம் 'ஒரிஜினல்' என்று கும்பிட்டதெல்லாம் இன்னோர் ஊர்ப் பிரதியை இந்த ஊர்ச் சாலைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருத்தியவை.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் இரண்டு பேரை எதிரெதிராக நிறுத்தினார். ஒருவர் பொறியாளர்: திட்டத்துக்கேற்பப் பொருளை வரவழைப்பவர். மற்றவர் பிரிகொலேர்: கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுபவர். தெரிதா 1966இல் இதைக் கவிழ்த்தார். எல்லாவற்றையும் தானே புதிதாகப் படைக்கும் பொறியாளன் என்பதே ஒப்பேற்றுகிறவன் கட்டிய தொன்மம் என்றார். இதைப் புரிந்துகொள்ள பாரீஸுக்குப் போக வேண்டாம். எங்கள் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் சொல்வார்: "கம்பெனிக்காரன் எல்லா ஊருக்கும் ஒரே வண்டியத்தான் செய்யறான் தம்பி. ரோடு ஊருக்கு ஊரு வேறல்ல?"

மாற்றம் என்றால் அரசுக்கு எப்போதும் ஆகாது என்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனபோது சென்னை மாகாணத்து பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பின்னால் ஒரு பெரிய உலை. காலையில் கரியைப் பற்றவைத்து, காற்றாடியைச் சுற்றி, வாயு பிடித்த பிறகுதான் வண்டி கிளம்பும். மேட்டில் திணறும். இருந்தும் அது குற்றமாகவில்லை, நாட்டுக்கடமையானது. இன்றும் 52ஆம் பிரிவே காஸுக்கும் பேட்டரிக்கும் இன்ஜினை மாற்ற வழிவிடுகிறது. ஆகவே பிரச்சினை மாற்றம் இல்லை. மாற்றலாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதே பிரச்சினை.

5

இதில் ஓர் உள்முரண் இருக்கிறது. பொழுதுபோக்காக மாற்றுகிறவனும் பிழைப்புக்காக மாற்றுகிறவனும் ஒன்றில்லை. வடசென்னையின் மீன்பாடி வண்டி, பழைய ஸ்கூட்டர் அல்லது பைக் இன்ஜினை மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செய்தது. ராஜஸ்தான் பக்கம் டீசல் இன்ஜினை மரச்சட்டத்தில் பூட்டி ஓட்டும் 'ஜுகாட்' வண்டி இன்னோர் உதாரணம். 2013இல் உச்ச நீதிமன்றம் ஜுகாடும் மோட்டார் வாகனமே, சட்டத்துக்குள் வரவேண்டும் என்றது. சரியான தீர்ப்புதான், அது மோதிச் செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டுமே. ஆனால் உள்ளே வா என்று கூப்பிட்ட சட்டம், உள்ளே வருவதற்கு வாசல் வைக்கவில்லை. லட்ச ரூபாய் செலவழித்துச் சைலன்சர் மாற்றியவன் 'ஆர்வலன்'. பழைய இன்ஜினை வெல்டிங் வைத்து மீன் ஏற்றுகிறவன் 'விதிமீறல்'.

இதைவிட முக்கியமான உதாரணம் ஊனமுற்றோர் ஓட்டும் வண்டி. 1988 சட்டம் அதற்கு வைத்த பெயர் 'இன்வாலிட் கேரேஜ்'. தமிழில் வார்த்தைக்கு வார்த்தை போட்டால் 'செல்லாதவர் வண்டி'. நாணயமும் செல்லாது, ஆளும் செல்லமாட்டார்! அந்த வரையறை, வண்டி அவர்களுக்கென்றே வடிவமைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக்கூடாது என்றது. நடைமுறையில் அவர்கள் ஓட்டியது என்ன? பட்டறையில் இரண்டு பக்கச் சக்கரம் பூட்டிய சாதாரண ஸ்கூட்டர். தமிழக அரசே 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்' என்று பெயர் சூட்டி அதை வழங்கிவருகிறது. 2019 திருத்தத்தில்தான் 'மாற்றியமைத்த வாகனம்' என்பது சட்டத்துக்குள் ஒரு சொல்லாக வந்தது. விளிம்பில் இருந்தவர்கள் முதலில் வண்டியை மாற்றினார்கள். சட்டத்தின் மொழி பிறகு மாறியது. ஆல்ட்ரேஷனின் அரசியல் என்று நான் சொல்வது இதைத்தான்.

6

டெல்டாவில் மாற்றப்படுவது வண்டி மட்டுமில்லை, சாலையும்தான். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். குறுவை அறுப்போ மழையோடு வரும். காயவைக்கக் களம் போதாது. ஆகவே தார்ச்சாலையில் பாதி நெல். பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். டயர் ஏறி ஏறி மணி உதிரும். சென்னையிலிருந்து வருகிற உயர்த்திய ஜீப் தனக்கே தெரியாமல் எங்கள் ஊரில் உளுந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறது! இதில் ஆபத்தும் உண்டு: பைக் வழுக்கும், சருகு அச்சில் சுற்றிச் சூடேறும். ஆனால் இந்தச் சாலை யாருக்கென்று எழுதப்பட்டது என்ற கேள்வி அங்கேயே கிடக்கிறது. 1926 முதல் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் ஓடிய ரயில் 1980களில் நிறுத்தப்பட்டது. மீன் கூடையோடும் நெல் மூட்டையோடும் போனவர்களின் தடம் போயிற்று, காரில் வருகிறவர்களின் தடம் அகலமாயிற்று.

கூட்டமாக வண்டியில் போவது என்பதும் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில், செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் அக்டோபர் 30 தேவர் குருபூஜைக்கும் வருகிறவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் பல ஆண்டுகளாக நிபந்தனை விதிக்கிறது: வாடகை வண்டி கூடாது, சொந்த வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மோதலைத் தவிர்க்க என்று காரணம் சொல்லப்படுகிறது. காகிதத்தில் இரு தரப்புக்கும் ஒரே விதி. ஆனால் கார் வைத்திருக்கிறவன் எந்தத் தரப்பில் அதிகம், வேன் பிடித்து வருகிறவன் எந்தத் தரப்பில் அதிகம் என்று கேட்டுப் பார்த்தால் விதியின் சாய்வு தெரியும். நினைவைக் கொண்டாட 'சொந்த வாகனம்' ஒரு தகுதியாகிறது. சில கூட்டங்கள் போனால் உல்லாசப் பயணம், சில கூட்டங்கள் போனால் சட்டம் ஒழுங்கு.

7

அப்படியானால் எல்லா மாற்றத்தையும் கலகம் என்று கொண்டாடிவிடலாமா? முடியாது. ஹாலஜன் பல்புக்கென்று வார்த்த விளக்குக் கிண்ணத்தில் எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி பிறக்கும் இடம் தவறி வெளிச்சம் சிதறுகிறது. எதிரே சைக்கிளில் வருகிறவர் கண் குருடாகிறது. முன்னால் பூட்டும் இரும்புக் கிராதி நடந்துபோகிறவரின் எலும்பை முறிக்கிறது, மோதலின் வேகத்தை அளந்து காற்றுப்பையை விரிக்கும் கணக்கையும் கெடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் அளவுகோல் எளிமையானது: மாற்றத்தின் பயன் யாருக்கு, அதன் வலி யார் உடம்பில். பக்கச் சக்கரத்தின் பயனும் பொறுப்பும் ஓட்டுகிறவருக்கே. கூசுகிற விளக்கின் பயன் உள்ளே இருப்பவனுக்கு, வலி வெளியே இருப்பவனுக்கு. இந்த இரண்டையும் 'தயாரிப்பாளர் விவரத்திலிருந்து விலகல்' என்ற ஒரே பையில் போடுகிற சட்டம், வாசிக்கத் தெரியாத சட்டம்.

வேறு வழி இல்லாமலில்லை. ஜெர்மனியில் மாற்றத்தைத் தொழில்நுட்பச் சோதகர் பரிசோதித்து வண்டியின் ஆவணத்தில் பதிகிறார்கள். பிரிட்டனில் கையால் கட்டிய ஒற்றை வண்டியையும் சோதித்துச் சாலைக்கு விடும் முறை உண்டு. இங்கே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போனால், பார், சோதி, எழுது என்று கேட்க இடமில்லை. மறை, கழற்று, திரும்பப் பூட்டு என்பதே வழக்கமாகிவிட்டது. மறைக்க வேண்டியிருப்பதால்தான் மாற்றம் ஆபத்தாகவும் ஆகிறது. வெல்டிங் சரியா என்று வெளியாள் ஒருவர் பார்க்கவே வழியில்லை.

கார் ஆர்வலர்கள் வரிசைகட்டி வரட்டும். தங்கள் அலாய் வீலுக்காக மட்டும் கேட்காமல், மீன்பாடி வண்டிக்கும் மூன்று சக்கர ஸ்கூட்டருக்கும் சேர்த்து இந்தச் சோதனை முறையைக் கேட்டால், அந்த வரிசைக்கு ஓர் அரசியல் வரும். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்துக்கென்று ஒரு பக்கம் வேண்டும். கம்பெனி பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் பட்டறைக்காரர் பெயரை எழுதுங்கள்.