இராப்பலகை

கைமாறிய பழந்தோணிகளிற் கிடைக்கும் பொருள்களுள் எளிதில் இனங்காண முடியாதது இராப்பலகை. உள்ளங்கையளவு மரத்துண்டு, நடுத்துளையிற் கோத்த நூல், நூலிலே சில முடிச்சுகள். விளையாட்டுப் பொருளென்றே எவரும் எறிந்துவிடுவர். அராபியர் இதனைக் கமால் என்பர். 1836இல் யேம்ஸ் பிரின்செப் கல்கத்தாவிலே இதுபற்றி விரித்தெழுதினார்.

முடிச்சொன்றைப் பல்லாற் கௌவி, நூலை விறைப்பாக நீட்டி, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தோடு பொருத்துவர். மேல்விளிம்பிலே துருவமீன் அமர்ந்தால், அம்முடிச்சுக்குரிய துறையின் அகலக்கோட்டிற் கப்பல் நிற்கின்றது. அப்பாற் கிழக்கோ மேற்கோ நேரே ஓடினாற் கரை கிட்டும்.

வல்வெட்டித்துறை நண்பரொருவர் வாங்கிய தோணியில் அகப்பட்ட பலகையொன்றை அளந்து பார்த்தேன். உயரம் 5 சென்ரிமீற்றர். பருத்தித்துறையிலே துருவமீன் ஏறக்குறைய 10 பாகை உயரத்தில் நிற்பது. ஆகவே முடிச்சு 29 சென்ரிமீற்றரில் விழவேண்டும். விழுந்திருந்தது. 22இல் மற்றொன்று: சென்னை, 13 பாகை. 17இல் இன்னுமொன்று, நம்மவர் அரிசியும் தேக்கும் ஏற்றிவந்த இரங்கூன் என்பதில் எனக்கு ஐயமில்லை. தெற்கேயுள்ள துறைகளுக்கு நூல் இன்னும் நீளவேண்டும். அந்நுனியை நண்பரின் மகன் பட்டத்துக்கென்று முன்னமே நறுக்கிவிட்டான்.