மெத எலவிலிருந்து கொட்டியாரம் வரை: நுண்பிளாஸ்டிக்கை அளப்பதும் அந்த அளவைக் கேட்டுப் பெறுவதும்

ஐந்து மில்லிமீற்றரை விடச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், அவை சில்லுகளாக இருந்தாலும் இழைகளாகவோ மணிகளாகவோ இருந்தாலும், நுண்பிளாஸ்டிக் எனப்படுகின்றன. ஆலையில் உருக்கி வார்ப்பதற்கென்றே சிறு மணிகளாகச் செய்யப்படுபவை முதனிலைத் துகள்கள் என்றும், பையும் போத்தலும் கயிறும் வெயிலிலும் உராய்விலும் நொறுங்கி உண்டாகுபவை இரண்டாம் நிலைத் துகள்கள் என்றும் பிரித்துக் கூறுவர். 2004 ஆம் ஆண்டு ரிச்சர்ட் தொம்சனும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் பிளிமத் நகரை அண்டிய கடற்கரைகளிலும் கழிமுகச் சேற்றிலும் எடுத்த மாதிரிகளைப் பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதிய சிறு கட்டுரைக்குப் பின்னரே இச்சொல் உலகெங்கும் வழக்கிற்கு வந்தது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்த கண்டி நகரத்தார், இது கரையோர மக்களின் கவலை என்று எண்ணுவது இயல்பே எனினும், நீரின் வழி அந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. கண்டி வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் கால்வாயாக நகரத்தினூடே சென்று மகாவலி கங்கையில் சேர்கிறது; அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயாவும் கட்டுகஸ்தோட்டையில் அதே கங்கையில் கலக்கிறது; கொஹாகொடக் குப்பை மேடும் அக்கங்கைக் கரையை அண்டியே உள்ளது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. இடையில் பொல்கொல்லை அணைக்கட்டு 1976 முதல் நீரின் ஒரு பகுதியை வடக்கு நோக்கித் திருப்புகிறது. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்கள் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் தணிந்த நீர் தன் சுமையை அடியில் விடுமாதலால், கண்டியின் பிளாஸ்டிக்கில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களின் வண்டலிலும், மீதியில் ஒரு பங்கு அக்குடாவை அண்டிய மூதூர்ப் பக்கத்துச் சேற்றுத் தரைகளிலும் தங்குவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே கரையில் எடுக்கப்படும் அளவு மலையில் எடுக்கப்படும் அளவோடு சேர்த்துப் படிக்கப்படாவிட்டால், எவருடைய கழிவு எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

பெருக்கின்போது நீரில் மூழ்கி வற்றின்போது வெளித்தெரியும் தாழ்ந்த சேற்று நிலமே வற்றுப்பெருக்குத் தரை ஆகும். இலங்கைக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை என்பதால் இங்கு அத்தரைகள் குறுகியவை. பெரும்பாலும் களப்புகளின் ஓரங்களிலும் ஆற்று முகங்களிலும் கண்டல் மரங்களின் அடியிலுமே அவை காணப்படுகின்றன. அலை அடங்கிய அவ்விடங்களில் நுண்மண்ணோடு நுண்பிளாஸ்டிக்கும் படிகிறது. நீரில் மிதக்கும் இயல்புள்ள துகளும், அதன்மேல் நுண்ணுயிர்ப் படலம் வளர்ந்து பாரம் கூடியதும் அமிழ்ந்துவிடுகிறது. நண்டும் புழுவும் வளை தோண்டும்போது மேற்பரப்புத் துகள்களைக் கீழே கொண்டு செல்கின்றன. எனவே மேற்பரப்பைக் கண்ணால் பார்த்து, குப்பை இல்லை என்று முடிவு செய்வதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அளவிடும் முறையில் முதற்படி, எங்கே, எந்த ஆழத்தில் மாதிரி எடுக்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே நிர்ணயிப்பதாகும். பெருக்கு ஏறும் கோடு, வற்று இறங்கும் கோடு, இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதி ஆகிய ஒவ்வொன்றிலும், பக்கம் அரை மீற்றர் கொண்ட சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் மேலுள்ள சில சென்ரிமீற்றர் சேற்றை உலோகக் கரண்டியால் எடுத்துக் கண்ணாடிச் சாடியிலோ அலுமினியத் தாளிலோ சேமிப்பர்; ஒரே இடத்தில் பல சட்டங்கள் வேண்டும், ஏனெனில் துகள்கள் சீராகப் பரவுவதில்லை. பின்னர் துகள் உருகாதவாறு குறைந்த வெப்பத்தில் சேற்றை உலர்த்தி, இலை, வேர், நுண்ணுயிர்ப் படலம் முதலியவற்றை ஐதரசன் பேரொக்சைட்டால் சிதைத்து, அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு பிளாஸ்டிக்கை மண்ணிலிருந்து பிரிப்பர்.

பெரும்பாலான பிழைகள் நேர்வது இந்தப் பிரிப்புப் படியில்தான். எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் கறியுப்பை நீரில் இயன்றளவு கரைத்தால் அதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.2 கிராமாகும், அதில் பையாகப் பயன்படும் பொலித்தீனும் மூடிகளாகப் பயன்படும் பொலிப்புரொப்பிலீனும் மிதக்கும், ஆனால் தண்ணீர்ப் போத்தல் செய்யப்படும் பெற் வகையின் அடர்த்தி 1.38 அளவில் இருப்பதால் அது மண்ணோடு அடியிலேயே கிடக்கும். உப்பு நீரை மட்டும் பயன்படுத்திய ஆய்வறிக்கை போத்தல் பிளாஸ்டிக் மிகக் குறைவு என்று கூறினால், குறைவாக இருந்தது அச்சேற்றிலா அல்லது அம்முறையிலா என்று கேட்க வேண்டும். சிங்க் குளோரைட் அல்லது சோடியம் அயோடைட் கரைசல் அக்குறையைப் போக்கும். எனினும் முன்னது நச்சுத்தன்மை உடையது, பின்னது விலை கூடியது. மிதந்து வந்தவற்றை வடிதாளில் ஏந்தி நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணும்போதும் பருத்தி நூலும் பாசித் துணுக்கும் பிளாஸ்டிக் இழைபோல் தோன்றுவதால், அகச்சிவப்பு நிறமாலை அல்லது இராமன் நிறமாலைக் கருவியால் வேதியியல் அடையாளத்தை உறுதிசெய்யாத எண்ணிக்கையை இறுதியானதாகக் கொள்ளலாகாது. ஆய்வாளரின் ஆடையிலிருந்தும் அறைக் காற்றிலிருந்தும் விழும் இழைகளைக் கணக்கிட வெற்று மாதிரி ஒன்றையும், முறை எவ்வளவு துகள்களை மீட்கிறது என்றறிய எண்ணிப் போட்ட துகள்களைக் கொண்ட மாதிரி ஒன்றையும் உடன் ஓட்டுவது நேர்மையான அளவீட்டின் அடையாளமாகும். ஓர் அறிக்கை உலர்ந்த மண் ஒரு கிலோகிராமுக்கு எத்தனை துகள் என்றும், இன்னொன்று ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை என்றும் கூறினால், அவ்விரண்டையும் அருகருகே வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

இவ்வளவு நுணுக்கம் ஏன் தேவை என்பதை 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி ஜூன் மாதத்தில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் காட்டியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. நாடு கேட்ட இழப்பீடு நிரூபிக்கப்பட வேண்டுமாயின், விபத்துக்கு முன் அக்கரையில் எவ்வளவு பிளாஸ்டிக் இருந்தது என்னும் அடிநிலை அளவு வேண்டும். அத்தகைய அளவு எங்கே முறையாகப் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் சேதத்தை ஐயமின்றிச் சொல்ல முடியும். 2025 ஜூலை 24 அன்று இலங்கை உயர் நீதிமன்றம், அடிப்படை உரிமை மனுக்களின் பேரில், கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆனால் கப்பல் விபத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார்; மெத எலவில் நாள்தோறும் மெதுவாகச் செல்லும் கழிவுக்கு அப்படி ஒருவரைச் சுட்ட இயலாது என்பதாலேயே இங்கு அளவீடு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை மிகையும் அசட்டையும் ஒருசேரத் தவிர்க்கப்பட வேண்டும். மனித இரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலும் துகள்கள் கண்டறியப்பட்டுள்ளன. 2024 இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியிலிருந்து அகற்றிய கொழுப்புப் படிவில் நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை சேர்ந்த ஆபத்து மற்றவர்களை விட ஏறத்தாழ நான்கரை மடங்கு கூடியிருந்ததைப் பதிவு செய்தனர். இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று. மீனையோ கருவாட்டையோ விலக்கும்படி எவருக்கும் அறிவுறுத்துவதற்கு இது போதாது. குப்பை கங்கையில் சேர்வதைத் தடுக்குமாறு கேட்பதற்கு இதுவே போதும்.

கேட்பதற்குச் சட்டம் பல வழிகளைத் திறந்துள்ளது. வீதிக் குப்பையை அகற்றுவது மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி சபையின் கடமையாதலால், கண்டி நகர எல்லைக்குள் எழுத்து மூல முறைப்பாடு முதலில் அங்கேயே செல்ல வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபை நீர் மாசு பற்றிய முறைப்பாட்டை ஏற்கும். மெல்லிய பொலித்தீன், லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியவை மீதான 2017 ஆம் ஆண்டுத் தடையும் அச்சட்டத்தின் வழியே வந்தது. குறிப்பிட்ட இடத்துக் குப்பை பொதுத் தொல்லையாகிவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் அதை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு.

இவற்றுள் அளவீட்டோடு நேரடியாகப் பிணைந்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகும். கங்கை நீரையும் வண்டலையும் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த முறையில் சோதித்தீர்கள், வெற்று மாதிரி ஓட்டினீர்களா, முடிவு என்ன என்று எந்தக் குடிமகனும் பொது அதிகார சபையொன்றைத் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். சோதனையே நடக்கவில்லை என்ற பதிலும் பயனற்றதன்று; கடமை செய்யப்படாததற்கு அது எழுத்துச் சான்றாகும்.

அத்தகைய சான்றோடு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்தை அணுக இயலும். சுற்றாடலைப் பாதுகாக்குமாறு அரசுக்குக் கூறும் 27(14) ஆம் உறுப்புரை நேரடியாக வழக்காடத் தக்கதன்று எனினும், 2000 ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற் அகழ்வுத் திட்ட வழக்கில் இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகவே காத்துவருகிறது என்னும் கருத்தை நீதிமன்றம் வலியுறுத்தி, சமத்துவ உரிமையின் வழியாக அவ்வூர் மக்களுக்கு நிவாரணம் அளித்தது. உரிமை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பதே பலரைத் தடுக்கும் வரம்பு. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அவ்வரம்பில் சேர்க்கப்படுவதில்லை.