எந்தக் கதவைத் தட்டுவது? – நகரின் பொதுச் சேவைகளும் நம் வகுப்பறையும்

மதுரையில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி பற்றிய பாடத்தை நடத்தினால் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர் என்று மாணவர்கள் மடமடவென ஒப்பிப்பார்கள். ‘மதுரை 1971-இல் மாநகராட்சி ஆனது, அதில் 100 வார்டுகள் உள்ளன’ என்பதும் நினைவில் நிற்கும். ‘உன் வீடு எந்த வார்டு?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பாடத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை நிரப்புவது எப்படி என்பதே இக்கட்டுரை.

நம் நகரங்களில் சேவைகளுக்குக் குறைவில்லை. அவை பல துறைகளில் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. இராசாசி அரசு மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், விசாரித்து வழங்குவது வருவாய்த் துறை. அங்கன்வாடி இன்னொரு துறை, நியாயவிலைக் கடை வேறொரு துறை. கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய்க்கு இவை எல்லாமே ‘கவர்மெண்ட் ஆபீஸ்’தான். தவறான அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இரண்டு முறை அலைந்தவர் மூன்றாம் முறை போகமாட்டார். இழப்பு பிள்ளைக்குத்தான்.

வகுப்பில் செய்யக்கூடியது

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இரண்டு பாடவேளைகளில் இச்செயல்பாட்டை முடிக்கலாம். மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரிக்கிறேன். முதல் குழு, நாள்தோறும் எல்லோரும் பயன்படுத்தும் வசதிகளைப் பட்டியலிடும்: குடிநீர்க் குழாய், பேருந்து, பூங்கா, பொதுக் கழிப்பறை, நூலகம். இரண்டாம் குழு, விண்ணப்பித்துப் பெற வேண்டியவற்றைத் தொகுக்கும்: சான்றிதழ்கள், குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீடு. மூன்றாம் குழு, இக்கட்டான நேரத்தில் உதவும் எண்களைத் திரட்டும்: ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, கல்வி வழிகாட்டுதலுக்கு 14417.

ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள்: எங்கே இருக்கிறது? யார் நடத்துகிறார்கள்? எப்போது திறந்திருக்கும்? என்ன ஆவணம் வேண்டும்? குறை இருந்தால் யாரிடம் சொல்வது? விடைகளைக் கொண்டு பள்ளியைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஒரு வரைபடம் தயாராகும். தொடக்க வகுப்பினருக்கு, பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள நான்கைந்து இடங்களை வரையச் சொன்னாலே போதும்.

ஒரு கவனம் தேவை. ‘உங்கள் வீட்டில் யார் இந்த உதவி வாங்குகிறார்கள்?’ என்று வகுப்பில் ஒருபோதும் கேட்கக் கூடாது. வறுமையையோ குடும்பச் சிக்கலையோ பிள்ளைகள் பொதுவில் சொல்லும்படி ஆகிவிடும். கேள்வி எப்போதும் சேவையைப் பற்றியதாகவே இருக்கட்டும். உரிமையாகப் பெறுவதை இரக்கமாகப் பெறுவதாக மாணவர் எண்ணிவிடக் கூடாது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த மதுரையில்தான் தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்பதால், அங்கே யாரும் தனித்துக் காட்டப்படுவதில்லை. நல்ல பொதுச் சேவைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியது

மூன்று சூழல்களில் ஆசிரியர் அறிந்திருப்பது ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே மாற்றும்.

முதலாவது, கற்றலில் பின்தங்கும் குழந்தை. ‘மந்தம்’ என்று முடிவு கட்டும் முன் காதையும் கண்ணையும் நினையுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் குழந்தை, பக்கத்து மாணவரின் நோட்டைப் பார்த்தே எழுதும் குழந்தை ஆகியோரைக் குறித்துவையுங்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கொடுங்கள். 18 வயது வரை உள்ளோருக்கு இத்திட்டம் பொருந்தும். மேல் பரிசோதனை தேவைப்படுவோர் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் உதவுவார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று.

இரண்டாவது, தாயையோ தந்தையையோ இழந்த குழந்தை. இத்தகைய பிள்ளைகள்தாம் சத்தமில்லாமல் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. அணுக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. துக்கத்தில் இருக்கும் குடும்பம் தானாகத் தேடிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. தகவல் நம்மிடமிருந்தே செல்ல வேண்டும்.

மூன்றாவது, பாலியல் தீங்குக்கு உள்ளான குழந்தை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க நமக்கு அதிகாரம் இல்லை. குழந்தையைத் துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. அது சொன்னதை நம்பிக் கேட்டு, அதன் சொற்களிலேயே குறித்துக்கொண்டு, உடனே தகவல் தர வேண்டும். 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும்.

சீட்டும் ஒரு வாரமும்

பெற்றோரிடம் ‘போய்ப் பாருங்கள்’ என்று வாயால் சொல்வது போதாது. நான் ஒரு சிறு சீட்டு எழுதித் தருகிறேன்: அலுவலகத்தின் பெயர், போகும் வழி, எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும். சரியாக ஒரு வாரம் கழித்து, ‘என்னம்மா, ஆயிற்றா?’ என்று கேட்கிறேன். ஆகவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது என்பது தெரியவரும். அடுத்த அடியை அங்கிருந்து தொடங்கலாம்.

இதற்குத் தனி நிதியோ பயிற்சியோ வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் உங்கள் பகுதி அலுவலகங்கள், எண்கள், தேவையான ஆவணங்களை ஒரு பக்கத்தில் எழுதி, ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அதன் ஒரு படி பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இருக்கட்டும்.