மண்ணும் தண்ணீரும் சொல்லித் தரும் பாடம்

 

மூன்று வயதுக் குழந்தையை மண்ணிலிருந்து பிரிக்க முடியுமா? முடியாது. "மண்ணுல கை வைக்காதே, தண்ணியில ஆடாதே" என்று நாமும் நாள் முழுவதும் சொல்கிறோம். குழந்தையும் நாம் திரும்பியதும் மறுபடி அங்கேதான் போய் நிற்கிறது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தொட்டுப் பார்த்து, கொட்டிப் பார்த்துத்தான் அந்த வயதில் அறிவு வளரும்.

ஆனால் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் குழந்தைக்கு வருவது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர், மண், கை இவற்றின் வழியாகத்தான். ஆகவே குழந்தையை விரட்டுவதற்குப் பதிலாக, கூடவே உட்கார்ந்து ஐந்து விளையாட்டுகளை நடத்திப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை. நாளைக்கு ஒன்று போதும்.

தொடங்கும் முன்

மலம், சாக்கடை, நாய் பூனை புழங்கும் இடம் இவற்றிலிருந்து மண் எடுக்கக் கூடாது. நல்ல மண்ணை எடுத்து, வெயிலில் காய வைத்து, மூடி வையுங்கள். கண்ணாடிச் சாமான் வேண்டாம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பாட்டில் போதும். கையில் புண் இருக்கிற குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தண்ணீர் உள்ள வாளி அருகே குழந்தையைத் தனியே விடாதீர்கள். ஒரு சாண் தண்ணீர்கூட ஆபத்துதான். விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

1. குலுக்கு பாட்டில்

பாட்டிலில் கால் பாகம் மண், முக்கால் பாகம் தண்ணீர் விட்டு இறுக மூடிக் குழந்தையிடம் கொடுங்கள். நன்றாகக் குலுக்கட்டும். பிறகு கீழே வைத்து, யாரும் தொடாமல் பார்க்க வேண்டும்.

முதலில் சிறு கற்களும் மணலும் அடியில் இறங்கும். அதன் மேல் வண்டல் படியும். களிமண் கலங்கலாகவே மேலே நிற்கும். அது தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். சருகும் வேரும் மிதக்கும். "எது மொதல்ல கீழ போச்சு? எது மெதக்குது?" என்று கேளுங்கள். கனமானது சீக்கிரம் இறங்கும், பொடியானது மெதுவாக இறங்கும் என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

2. எந்த மண் தண்ணீர் குடிக்கும்?

மூன்று பாட்டில்களைக் குறுக்கே வெட்டி, மேல் பாதியைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டுங்கள். வெட்டும் வேலை பெரியவர்களுடையது. ஒன்றில் மணல், ஒன்றில் செம்மண், ஒன்றில் களிமண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் விடச் சொல்லுங்கள். மணலில் விட்டது உடனே கீழே ஒழுகும். செம்மண்ணில் நிதானமாக இறங்கும். களிமண்ணில் மேலேயே நிற்கும்.

இதில் பெரியவர்களுக்கும் பாடம் உண்டு. மணல் பாங்கான இடத்தில் கக்கூஸ் குழித் தண்ணீரும் இப்படித்தான் விரைவாக இறங்கிக் கிணற்றைச் சேரும். ஆகவே கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே குறைந்தது 50 அடி தூரம் இருக்க வேண்டும். களிமண் தரையில் தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். குழாயடியில் தேங்கும் தண்ணீரை ஓட விடுங்கள். தொட்டியையும் பானையையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள்.

3. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீரா?

இதுதான் முக்கியமான விளையாட்டு. ஒரு மண்சட்டியின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையைத் தேய்த்து, கலங்கல் தண்ணீரை ஊற்றி வையுங்கள். நம் பாட்டிமார் செய்த பழக்கம்தானே! கொட்டை குழந்தை கைக்குப் போகாமல் நீங்களே தேயுங்கள். சில மணி நேரத்தில் அழுக்கு அடியில் படிந்து மேல் தண்ணீர் தெளியும். "டீச்சர், தண்ணி நல்லாயிடுச்சு, குடிக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "இருங்க, இன்னொண்ணு பாப்போம்" என்று சொல்லுங்கள்.

இப்போது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். சர்க்கரை எங்கே? கண்ணுக்குத் தெரியவில்லை. சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள். "இன்னும் இனிக்குதே!" என்று கத்துவார்கள்.

அப்போது சொல்லுங்கள்: "கண்ணுக்குத் தெரியாமலும் தண்ணியில ஒண்ணு இருக்கலாம். துணியில வடிகட்டினாலும் போகாது. நோய்க்கிருமியும் அப்படித்தான். சர்க்கரை நாக்குக்குத் தெரிஞ்சுது. கிருமி நாக்குக்கும் தெரியாது." தெளிய வைத்த தண்ணீரை யாருக்கும் குடிக்கத் தரக் கூடாது.

தேற்றான் கொட்டையும் வடிகட்டும் துணியும் கலங்கலை எடுக்கும். கிருமியை முழுவதும் எடுக்காது. தெளிந்த தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆற வைத்து, மூடி, நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொண்டு கொடுங்கள். பானைக்குள் கையோ டம்ளரோ விட்டால் பட்ட பாடு வீண்.

4. கரிக் கை

அடுப்புக் கரித்தூளில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் குழைத்து ஒரு குழந்தையின் உள்ளங்கையில் தடவுங்கள். மஞ்சள் தூள் வேண்டாம். சோப்புப் பட்டால் அது சிவந்து குழந்தை மிரளும். கரிக் கையோடு அந்தக் குழந்தை இன்னொரு குழந்தையின் கையைப் பிடிக்கட்டும். அது அடுத்த குழந்தையின் கையைப் பிடிக்கட்டும். கரி எத்தனை கை தாண்டிப் போகிறது என்று எண்ணுங்கள்.

பிறகு வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கரி சரியாகப் போகாது. சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் தேய்க்கச் சொல்லுங்கள். போய்விடும். சோறு உண்ணும் முன்னும், மலம் கழித்த பின்னும் சோப்பு எதற்கு என்று இனி விளக்கவே வேண்டாம். தாய்மார்களும் குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகும், சமைக்கும் முன்னும், ஊட்டும் முன்னும் இப்படியே செய்ய வேண்டும்.

நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருளைப் புழுவின் முட்டை மண்ணிலிருந்து கை வழியாக வாய்க்குப் போகிறது. கொக்கிப் புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போய், குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும், சோகை வரும். நகத்தை வெட்டி விடுங்கள். செருப்புப் போட்டு அனுப்புங்கள். கைக்குழந்தையின் மலத்தையும் தெருவில் எறியாமல் கக்கூஸில் போடுங்கள். தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியது. அதன்படி தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவற விடாதீர்கள். 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மாத்திரை. சின்னக் குழந்தைக்கு எப்போதும் பொடித்தே கொடுங்கள்.

5. ஓட்டைக் குடம்

பழைய பிளாஸ்டிக் குடத்தின் அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். ஒழுக ஒழுகக் குடம் காலியாகும். "குடம் காலியாகாம இருக்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "மேல தண்ணி ஊத்தணும்" என்று நாலு வயதுப் பிள்ளை பதில் சொல்லும்.

"வயிறு போகும்போது தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று பெரியவர்கள் சிலர் இன்னும் தடுக்கிறார்கள். அது தவறு. வயிற்றுப்போக்கில் உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. அதை ஈடு செய்யாவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் கொடுக்காததால் பேதி நிற்பதில்லை, குடம்தான் காலியாகிறது.

பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். சின்ன பாக்கெட் என்றால் அதில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை முதல் ஒரு டம்ளர், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது. சுகாதார செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டு போய்க் குடிக்க மறுத்தாலோ, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வழியிலும் முடிந்தவரை ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள்.

தாய்மார்களே! இந்த விளையாட்டுகளைக் கற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து "அம்மா, கை கழுவினியா?" என்று கேட்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுந்து போய்க் கழுவி வாருங்கள். நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் அது நாளையும் செய்யும்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. நல்ல தண்ணீரும் கழுவாத கையில் கெட்டுப் போகும்.