காடு திரும்பிய வேட்டைக்காரன்

அணிலை அறியாத பிள்ளை நம் இல்லங்களில் உண்டா? முதுகில் மூன்று கோடுகளுடன் மதில்மேல் ஓடுவதும், பழுத்த கொய்யாவைப் பாதி கொறித்துப் போடுவதும், வாலை உயர்த்தி ஓயாமல் கீச்சிடுவதுமாக அது நம் முற்றத்திலேயே குடியிருக்கிறது. இந்தச் சின்னஞ்சிறு பிராணியின் இனம் ஒன்று, இன்னோர் அணில் இனத்தை ஒரு நாட்டின் பெரும்பகுதியிலிருந்தே விரட்டிவிட்டது என்றால் நம்புவீர்களா? அவ்வாறு விரட்டப்பட்ட அணிலுக்கு மீண்டும் வாழ்வளித்தது, அணிலையே அடித்துத் தின்னும் ஒரு வேட்டை விலங்கு என்றால் வியப்படைய மாட்டீர்களா?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த, இன்றும் நடந்து வருகின்ற வரலாறு இது. ஒரு விலங்கைத் தீயது என்று தீர்ப்பளித்து ஒழித்துக்கட்டிய மனிதன், பின்னர் அதே விலங்கைக் கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டில் விட்டது ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

விருந்தாளியாக வந்த அணில்

அந்நாடுகளுக்கே உரிய அணில் செவ்வணில். செம்பழுப்பு நிற உடல், காது நுனியில் மயிர்க்கற்றை, ஏறத்தாழ 300 கிராம் எடை. பல்லாயிரம் ஆண்டுகளாக அக்காடுகளில் வாழ்ந்து வந்த இனம் அது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுச் செல்வர்களிடையே ஒரு மோகம் பரவிற்று. தொலைதூர நாடுகளின் விலங்குகளைக் கொண்டுவந்து தம் மாளிகைத் தோட்டங்களை அழகுபடுத்தும் மோகம்! 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள ஹென்பரி பூங்காவில், வட அமெரிக்காவின் சாம்பல் அணில்கள் விடப்பட்டன. பின்னாளில் பெட்ஃபோர்டு கோமகன் தம் வோபர்ன் மாளிகையிலிருந்து பல எஸ்டேட்டுகளுக்குச் சாம்பல் அணில்களை அன்பளிப்பாக வழங்கினார். 1911ஆம் ஆண்டில் அயர்லாந்தின் லாங்ஃபோர்டு பகுதியிலுள்ள காஸில் ஃபோர்ப்ஸ் தோட்டத்தையும் அவை அடைந்தன. திருமணப் பரிசாக வந்தவை என்று சொல்வோரும் உண்டு.

விருந்தாளி விரைவிலேயே வீட்டுக்காரனானான். சாம்பல் அணில் செவ்வணிலைவிட ஏறத்தாழ இருமடங்கு பருமன் உடையது. முற்றாத ஓக் கொட்டைகளையும் எளிதில் செரித்துக்கொள்ளும். செவ்வணிலோ, அது பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து வரும்போது மரம் வெறுமையாக இருக்கும்! இதனினும் கொடியது, சாம்பல் அணில் சுமந்து வந்த அம்மை நோய். அந்நோய்க் கிருமி சாம்பல் அணிலை ஒன்றும் செய்வதில்லை. செவ்வணிலைத் தொற்றினாலோ, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் மரணம்தான். போதாக்குறைக்கு, சாம்பல் அணில்கள் ஓக், பீச் போன்ற இளமரங்களின் பட்டையை உரித்து மரத்தையே பட்டுப்போகச் செய்கின்றன.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 1950களில் சாம்பல் அணிலின் வாலைக் கொண்டுவந்து ஒப்படைப்போருக்கு ஒரு ஷில்லிங், பிறகு இரண்டு ஷில்லிங் எனச் சன்மானம் வழங்கியது. வால்கள் மலையெனக் குவிந்தன, அணில்களோ குறையவில்லை. 1958இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் வெளியான ஒரு கணிப்பின்படி, பிரிட்டனில் சாம்பல் அணில்கள் 27 இலட்சம். செவ்வணில்களோ 2 இலட்சத்து 87 ஆயிரம் மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில்தான் எஞ்சியிருந்தன.

பழி சுமந்த பிராணி

இனி நம் கதையின் நாயகனைச் சந்திப்போம். பைன் மார்ட்டன் என்பது அதன் பெயர். நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது, பூனையளவு உடல், நீண்ட அடர்த்தியான வால், கரும்பழுப்பு உரோமம், கழுத்தின்கீழ் பாலேடு நிறத்தில் ஒரு திட்டு. மனிதர்க்குக் கைரேகை போல, இந்தத் திட்டின் வடிவம் ஒவ்வொரு மார்ட்டனுக்கும் வேறுபடும். மரமேறுவதில் வல்லது. எலி, பறவை, முட்டை, வண்டு, காட்டுப்பழம் எனக் கிடைத்ததை உண்டு வாழும். இதன் நெருங்கிய உறவினமான நீலகிரி மார்ட்டன் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை.

பைன் மார்ட்டன் செய்த குற்றம் என்ன? உரோமம் அழகாக இருந்தது ஒரு குற்றம். செல்வர்களின் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட பறவைகளைத் தின்றது இன்னொரு குற்றம். எஸ்டேட் காவலர்கள் பொறிவைத்தும் சுட்டும் நஞ்சிட்டும் அதை ஒழித்தனர். காடுகளும் வெட்டப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைகளிலும், அயர்லாந்தின் மேற்குப் பகுதிகளிலும் ஒருசில மட்டும் ஒளிந்து பிழைத்தன. ஆம்! சாம்பல் அணில் பெருகிப் பரவிய அதே காலத்தில், அதைப் பிடித்துத் தின்னக்கூடிய விலங்கு காட்டில் இல்லை.

அயர்லாந்தில் கண்ட உண்மை

அயர்லாந்தில் 1976ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் மார்ட்டனுக்குப் பாதுகாப்பளித்தது. பிரிட்டனில் 1988இல் அத்தகைய பாதுகாப்புக் கிடைத்தது. புதிய காடுகளும் வளர்க்கப்பட்டன. மார்ட்டன் மெல்ல மெல்ல, ஒருவரும் கைகொடுத்து அழைக்காமலே, கிழக்கு நோக்கிப் பரவத் தொடங்கிற்று. அது சென்றடைந்த இடங்களில் மக்கள் ஒரு விந்தையைக் கண்டனர். சாம்பல் அணில்கள் காணாமல் போயின. செவ்வணில்கள் திரும்பி வந்தன!

இது மக்களின் வெறும் பேச்சா, மெய்யா என்று அறிய எம்மா ஷீஹி, காலின் லாட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் முற்பட்டனர். அவர்களின் ஆய்வு முடிவு 2014இல் வெளியானது. அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சாம்பல் அணில் இனம் சரிந்துவிட்டிருந்தது. சில இடங்களில் 30 ஆண்டுகள் வரை கண்ணில் படாதிருந்த செவ்வணில் அங்கு மீண்டும் சாதாரணமாகக் காணப்பட்டது.

ஸ்காட்லாந்திலும் இதே நிலைதானா? காடுகளில் வேர்க்கடலை நிரப்பிய பெட்டிகளை வைத்து, வந்து போகும் பிராணிகளின் உரோமம் ஒட்டிக்கொள்ளுமாறு அமைத்து, அந்த உரோமங்களைக் கொண்டு ஷீஹியும் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தனர். 2018இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. மார்ட்டன் நடமாட்டம் மிகுந்த காடுகளில் சாம்பல் அணில் குறைவு, செவ்வணில் மிகுதி.

தின்பவனே காவலனானது எப்படி?

நியாயமான ஒரு கேள்வி உங்கள் உள்ளத்தில் எழலாம். மார்ட்டன் செவ்வணிலையும் தின்னும் அல்லவா? பின் அதற்கு நன்மை விளைவது எங்ஙனம்?

இங்கேதான் பழைய அறிமுகம் கைகொடுக்கிறது. செவ்வணிலும் மார்ட்டனும் ஒரே காட்டில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை. எதிரியின் வாடையைச் செவ்வணில் அறியும். பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணவுப் பெட்டிகளில் மார்ட்டனின் வாடையைத் தடவி வைத்துக் கவனித்தனர். செவ்வணில்கள் அப்பெட்டிகளுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டன; வந்தாலும் சுற்றுமுற்றும் பார்த்துப் பார்த்தே உண்டன. சாம்பல் அணில்களோ ஒன்றும் அறியாதவை போல வழக்கம்போல் உண்டுகொண்டிருந்தன! 2020இல் இம்முடிவு வெளியானது.

வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. செவ்வணில் எடை குறைந்தது. ஆகவே மார்ட்டன் ஏற அஞ்சும் மெல்லிய கிளை நுனிக்கு ஓடிவிடும். பருத்த சாம்பல் அணிலோ தரையிலேயே அதிக நேரம் இரை தேடுவது. ஓரிடத்தில் கூட்டமாகவும் வாழ்வது. எனவே அது எளிதில் அகப்படுகிறது. செவ்வணிலும் சில வேளை இரையாகத்தான் செய்கிறது. எனினும், உணவைப் பறித்து நோயையும் பரப்பிய போட்டியாளன் விலகியதால் அது அடைந்த இலாபம், இழப்பைவிடப் பெரிது.

கூண்டில் வந்த குடியேறிகள்

அயர்லாந்தில் தானாக நடந்ததை, மார்ட்டன் அடியோடு அற்றுப்போன இடங்களில் எப்படி நடத்துவது? வின்சென்ட் வனவிலங்கு அறக்கட்டளை 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்தில் 51 மார்ட்டன்களைப் பிடித்து நடு வேல்ஸின் காடுகளில் குடியேற்றியது. பிடித்தவுடன் திறந்துவிடவில்லை. மருத்துவப் பரிசோதனை செய்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, காட்டுக்குள் அமைத்த கூண்டுகளில் சில நாட்கள் உணவளித்துப் பழக்கிய பிறகே விடுவித்தனர். அதற்கும் முன்பாக, அவ்வூர் மக்களிடமும் விவசாயிகளிடமும் பேசிக் கருத்துக் கேட்டனர்.

அடுத்து, இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் காட்டில் 2019லும் 2021லும் 35 மார்ட்டன்கள் விடப்பட்டன. 2024 இலையுதிர் காலத்தில் டெவன் பகுதியின் டார்ட்மூரில் 15 விடப்பட்டன. புதிய இடங்களில் அவை குட்டிகளும் ஈன்றுள்ளன. ஆயினும் அவசரப்படுவோருக்கு ஏற்ற வேலை அன்று இது. கோடையில் இணைசேரும் மார்ட்டன் அடுத்த வசந்த காலத்தில்தான் ஈனும். அதுவும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளே. இரண்டு மூன்று வயதான பிறகே அவையும் ஈனத் தொடங்கும்.

நாணயத்தின் மறுபக்கம்

வாசகர்களே! இதுவரை படித்ததைக் கொண்டு, ‘வேட்டை விலங்கைக் கொண்டுவந்து விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் கேப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுப் பறவை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கு அற்றுப்போய், 1837இல் சுவீடனிலிருந்து மீண்டும் கொண்டுவரப்பட்ட இனம் அது. 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பில் 532 பறவைகளே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்பட்டது. அது தரையில் முட்டையிடும். மார்ட்டன் அம்முட்டையைத் தின்னும். இரண்டுமே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை! ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்வதா? ஆய்வாளர்கள் வேறு வழியொன்றைச் சோதித்தனர். பறவை அடைகாக்கும் பருவத்தில் மான் இறைச்சியை வேறிடங்களில் வைத்தனர். பசியாறிய மார்ட்டன்கள், சோதனைக்காக அமைத்த கூடுகளின் முட்டைகளைத் தேடி வருவது குறைந்தது. கொல்லாமலும் காக்க வழியுண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

கோழி வளர்ப்போரின் கவலையும் பொய்யானதன்று. சிறிய சந்து கிடைத்தாலும் மார்ட்டன் கோழிக் கூண்டுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தால் ஒன்றோடு நிறுத்தாமல் பலவற்றைக் கொன்றும் போடும். சந்துகளை அடைத்து, உறுதியான கம்பிவலை கட்டுவதே இதற்குப் பரிகாரம். அந்தச் செலவையும் உழைப்பையும் ஏழைக் குடியானவன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, நகரத்தில் அமர்ந்து வனவிலங்கின் பெருமை பேசுவது நீதியாகாது. கூண்டைத் திறக்குமுன் ஊராரிடம் பேசியதன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னும் இரண்டு குறைகள் உள. மார்ட்டன் பொதுவாக ஊர்ப்புறத்தை விரும்பாது. எனவே நகரப் பூங்காக்கள் சாம்பல் அணிலுக்குப் புகலிடமாகவே நீடிக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மற்றொன்று, வணிகத்திற்காக வெளிநாட்டு ஊசியிலை மரங்களை மட்டும் வரிசையாக நட்ட தோட்டங்களில், மார்ட்டனின் வருகை செவ்வணிலுக்கே தீங்காக முடியலாம். ஒளிந்துகொள்ளவும் வேறு இரை கிடைக்கவும் வழியுள்ள பலமரக் காட்டில்தான் பழைய உறவு பழையபடி இயங்குகிறது. காட்டைச் சீர்செய்யாமல் விலங்கை மட்டும் கொண்டுவருவது, அடுப்பை மூட்டாமல் உலை வைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் கற்க வேண்டியது

வால் ஒன்றுக்கு ஷில்லிங் கொடுத்தும் முடியாததை, கூலி கேட்காத ஒரு பிராணி செய்து காட்டியது. ஆனால் அதே பிராணியைத்தான், அது தின்ற சில பறவைகளை மட்டும் எண்ணிக் கணக்குப் பார்த்து, ஒரு தலைமுறை கொன்று தீர்த்தது. அது செய்த தீங்கு கண்ணுக்குத் தெரிந்தது; அது காத்து வந்த ஒழுங்கு தெரியவில்லை. அது போன பிறகுதான், அது இருந்ததன் பொருள் விளங்கிற்று. மீண்டும் கொண்டுவர எத்தனை ஆண்டுகள், எவ்வளவு பொருள், எத்தனை பேரின் உழைப்பு!

நம் வீட்டுப் பிள்ளைகள் கொல்லையில் ஒரு கீரியையோ, மரப்பொந்தில் ஓர் ஆந்தையையோ கண்டு கல்லெடுத்தால், கையைப் பிடித்து நிறுத்துங்கள். இன்றிரவு அது எத்தனை எலிகளைப் பிடிக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். கோழிக் கூண்டின் கதவைச் சரியாகச் சாத்துவது நம் கடமை. கீரியைக் கொல்வது அன்று. இருக்கும்போதே காப்பது எளிது. இழந்த பின் மீட்பது எத்துணை அரிது என்பதற்குப் பைன் மார்ட்டனின் வரலாறே சாட்சி.