பரணில் தூங்கும் பழைய ரவுட்டர்... மாடிக்கும் வரும் வைஃபை!

ஹாலில் உட்கார்ந்தால் வீடியோ கால் பளிச்சென்று இருக்கிறது. மாடியறைக்குப் போனால், வெளிநாட்டில் இருக்கும் பேரனின் முகம் பாதியிலேயே உறைந்து நிற்கிறது. ‘ஸ்பீடு போதவில்லை’ என்று அதிக விலை பிளானுக்கு மாறுபவர்கள் உண்டு. ஆனால் பல வீடுகளில் குறை பிளானில் இல்லை. வைஃபை சிக்னலால் கான்கிரீட் தளத்தைத் தாண்ட முடியவில்லை. பிளானை மாற்றினாலும் கான்கிரீட் மாறாதே!

முதலில் செலவில்லாத வைத்தியத்தைச் செய்து பாருங்கள். டி.வி. அலமாரிக்குள் இருக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து, சற்று உயரமான இடத்தில் வையுங்கள். ஃபைபர் கேபிளை மட்டும் மடக்கிவிடாதீர்கள். மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குப் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் சுவரைத் தாண்டி வருவதில் அதுவே கெட்டி.

அப்படியும் சரியாகவில்லையா? பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை இறக்குங்கள்.

எங்கே சிக்கல்?

வீட்டில் ஒவ்வொரு போனுக்கும் டி.வி.க்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். அதைக் கொடுப்பது ரவுட்டரில் இருக்கும் டி.ஹெச்.சி.பி. என்ற வசதி. ஒரே ரேஷன் கடையில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய ரவுட்டரை அப்படியே இணைத்தாலும் அதே குழப்பம்தான். மாடிக்கு நெட் வருவது இருக்கட்டும், ஹாலில் வந்துகொண்டிருந்ததும் நின்றுபோகலாம். எனவே, டோக்கன் கொடுக்கும் வேலை நெட் நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்கு மட்டும்தான்.

செய்ய வேண்டியவை

1. பழைய ரவுட்டரின் ரீசெட் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கவனம்... நிறுவனத்தின் ரவுட்டரில் இதைச் செய்யக் கூடாது! இணைப்புக்கான செட்டிங்ஸ் அழிந்துபோனால், ஆள் வந்து சரிசெய்யும்வரை வீட்டில் நெட் இருக்காது.

2. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பழைய ரவுட்டரின் வைஃபையில் இணையுங்கள். அதன் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை பிரவுசரில் டைப் செய்தால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். ‘அக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 4, 5-ம் படிகளின் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

3. ஹால் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையுமே இதற்கும் கொடுங்கள். மாடி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஹால் ரவுட்டர் 1-வது சேனலில் இருந்தால், இதற்கு 6 அல்லது 11 கொடுங்கள்.

4. ஹால் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், பழையதற்கு 192.168.1.2 என்று மாற்றலாம். அது, ஹால் ரவுட்டர் மற்றவற்றுக்குக் கொடுக்கும் எண்களின் வரிசையில் இல்லாமல் இருக்க வேண்டும்.

5. புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, டி.ஹெச்.சி.பி.யை அணைத்து, சேவ் செய்யுங்கள்.

6. ஹால் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து பழையதன் லேன் போர்ட்டுக்கு ஈதர்நெட் கேபிளை இழுங்கள். ‘வான்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்றிருக்கும் போர்ட் காலியாகவே இருக்கட்டும். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்; மாடிக்குத் தாராளம்.

இதையும் கவனியுங்கள்

கேபிளை ‘வான்’ போர்ட்டில் செருகினாலும் நெட் வரலாம். ஆனால், மாடியில் தனி நெட்வொர்க் உருவாகிவிடும். மாடியில் இருக்கும் போனிலிருந்து ஹால் டி.வி.க்குப் படம் அனுப்ப முடியாமல் போகும். பிரின்டரும் கண்ணில் படாது.

பழைய ரவுட்டரின் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். வகை என்றால், பிளான் எவ்வளவு பெரிதானாலும் மாடிக்கு அதற்கு மேல் வேகம் வராது. வீடியோ காலுக்கு அதுவே ஏராளம்.

கடைசியாக, ரவுட்டருக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஒரு தாளில் எழுதி பத்திரமாக வையுங்கள். வைஃபைக்கு குறைந்தது டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு இருக்க வேண்டும். அதுகூட இல்லாத அளவுக்குப் பழையது என்றால், அது மீண்டும் பரணுக்கே போகட்டும். அக்சஸ் பாயின்ட் வசதியுள்ள புதியதை வாங்குவதே நல்லது.

எல்லாம் முடிந்ததும் மாடிக்குப் போய் பேரனுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். இந்த முறை, அவன் பேசி முடிக்கும்வரை முகம் உறையாது!